பிடிமானம்

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்காகத் துணிகளை எடுத்து வைக்கும்போதுதான் அந்தப் பாவாடை நாடாவைப் பார்த்தேன். ஒரே இடத்தில் பல வருடம் முடிச்சுப் போட்டதால் அந்த இடம் மட்டும் அழுக்கேறி நைந்திருந்தது. அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி இன்னொரு மடிப்புத் தடம். அதற்கும் தள்ளி நாடாவின் நுனிக்குப் பக்கத்தில் மூன்றாவது தடம். அதற்கு மேல் நாடா எட்டவில்லை போலிருக்கிறது, பழைய சேலைக் கரையைக் கிழித்து ஒட்டுத் தைத்திருந்தார். அம்மாவின் வயிறு எந்த வேகத்தில் பெருத்தது என்பதற்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே பதிவு அதுதான். எட்டு மாதமாக அவர் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு என் கண் முன்னால் நடமாடினார்.

நான் புதுக்கோட்டையில் கல்லூரி மாணவிகளுக்கு செல் உயிரியல் நடத்துகிறவள். செல்கள் தம்மைச் சுற்றியுள்ள தளத்தை எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்பது எனக்குப் பிடித்த பாடம். கரும்பலகையில் வண்ணச் சுண்ணாம்புக்கட்டியால் படம் போட்டு நடத்துவேன். 2019இல் அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்த அதே பருவத்தில்தான் அம்மா கீரமங்கலம் பக்கத்திலிருந்து வாரம் ஒருமுறை போன் செய்து, "வயிறு மந்தமா இருக்கு பாப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொன்ன பதில்: "கேஸா இருக்கும்மா. ராத்திரி லேட்டா சாப்பிடாத."

இந்தக் கட்டுரையை எழுத இரண்டு வருடம் தள்ளிப்போட்டதற்கு அந்தப் பதில்தான் காரணம்.

*

அதற்கு முந்தைய வருடம், 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளையெல்லாம் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. எங்களுக்கு இருந்தது நாற்பது மரம். நான்கு நின்றன. பிறகு மல்லிகையும் கனகாம்பரமும்தான் சோறு போட்டன. விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பூப் பறிக்க வேண்டும். விடிந்ததும் கமிஷன் கடைக்குப் பூ போய்விட வேண்டும். அந்த வருடம் ஊரில் எந்தப் பெண்ணுக்குத்தான் உடம்பு வலிக்கவில்லை? வலி இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால்தான் ஆச்சரியம்.

அம்மா சொன்னதைப் பின்னால் உட்கார்ந்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். ரெண்டு வாய் தின்றாலே போதும் என்றிருக்கிறது. அடி வயிறு கனமாக இருக்கிறது. அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது, பூக்காட்டில் ஒதுங்க இடமில்லை. உடம்பு மெலிகிறது, வயிறு மட்டும் வைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை என்றதற்குத் தங்கச்சி, "கவலைம்மா, மரம் போன கவலை" என்றாள். ஒன்றுக்கு வருகிறது என்றதற்கு ஊரில் மருந்து கொடுக்கிறவர் சர்க்கரை இருக்கும் என்றார், இல்லை. வயிறு வைக்கிறது என்றதற்குப் பக்கத்து வீட்டு அயித்தை, "வயசானா தொந்தி விழத்தான் செய்யும், ஒனக்கென்ன கொமரிப் புள்ள நெனப்பா" என்று சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

யாராவது கொஞ்சம் யோசித்திருந்தாலும் இன்னொரு பதில் குறுக்கே வந்து நின்றிருக்கும்: "கர்ப்பப்பையத்தான் எடுத்தாச்சே!"

2001இல் அம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயது. உதிரப்போக்கு நிற்கவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையில், "பிள்ளை பெத்து முடிச்சாச்சு, இனி எதுக்கு?" என்று சொல்லி ஒரே வாரத்தில் எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டது அப்பா. அம்மாவுக்குச் சொல்லப்பட்டது ஒரு வரி: "இனிமே பொம்பளை வியாதி ஒண்ணும் வராது." அந்த வரியை அம்மா பதினெட்டு வருடம் நம்பினார். எடுத்தது கர்ப்பப்பையை மட்டும்தான், இரண்டு சினைப்பைகளும் கருக்குழாய்களும் உள்ளேயே இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கேட்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியதில்லை. இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேருக்கு உங்கள் அம்மாவின் வயிற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று தெரியும்? டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

*

ஸ்கேனில் வயிற்றில் நீர் என்று வந்தது. முதலில் பார்த்த மருத்துவர் காசநோயாக இருக்கலாம் என்றார். அது தவறான ஊகமில்லை. நம் நாட்டில் வயிற்றுக் காசநோயும் இப்படித்தான் நீர் கோத்துக்கொண்டு வரும். சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனையில் அதற்கும் எண் ஏறும். ஊசி போட்டு நீரை எடுத்தபோது வைக்கோல் நிறத்தில் நான்கு லிட்டர் வந்தது. அம்மா பாட்டிலைப் பார்த்து, "இம்புட்டுத் தண்ணியையா சொமந்துக்கிட்டுப் பூப் பறிச்சேன்?" என்று கேட்டார். பாட்டி காலத்தில் இதை மகோதரம் என்பார்கள், செய்வினை என்பார்கள், கேணிக்கரையில் வைத்துப் பேசுவார்கள்.

அந்த நீரைச் சோதித்தபோது அதில் காசநோய்க் கிருமி இல்லை. கொத்துக் கொத்தாகப் புற்றுநோய்ச் செல்கள் மிதந்தன. சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை.

இனி நான் வகுப்பறைக்குள் போக வேண்டும். எட்டு மாதம் அம்மாவின் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்பதை எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னால்தான் மீதியைச் சொல்ல முடியும்.

நம் உடம்பின் செல்கள் பெரும்பாலும் அந்தரத்தில் வாழ்வதில்லை. கொலாஜன், ஃபைப்ரோநெக்டின், லாமினின் போன்ற புரதங்களால் பின்னப்பட்ட ஒரு தளத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்கின்றன. அதற்குப் பெயர் மேட்ரிக்ஸ். பிடிக்கிற கைகளுக்குப் பெயர் இன்டெக்ரின். 1986இல் வைத்த பெயர் அது. செல்லின் வெளித்தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு முனை வெளியே தளத்தைப் பற்றியிருக்கும், மறு முனை உள்ளே செல்லின் எலும்புக்கூடு போன்ற இழைகளைப் பற்றியிருக்கும். ஃபைப்ரோநெக்டின் எவ்வளவோ நீளமான புரதம். அதில் இன்டெக்ரின் அடையாளம் கண்டு பிடிக்கும் முக்கியமான இடமோ மூன்றே அமினோ அமிலம்: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம். 1984இல் இதைக் கண்டுபிடித்தபோது, இத்தனை சின்ன இடமா என்று விஞ்ஞானிகளே வியந்தார்கள்.

பிடி விட்டுப்போன செல் வழக்கமாகத் தானே செத்துவிடும். அந்தச் சாவுக்கு அனோய்கிஸ் என்று பெயர். வீடற்றுப் போவது என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து செய்த சொல். தன் இடத்தை விட்டு நழுவிய செல் வேறெங்கோ போய் முளைக்கக் கூடாது என்பதற்கான காவல் அது.

சினைப்பைப் புற்றுநோயின் மிகச் சாதாரணமான, மிக மூர்க்கமான வகை பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதே இல்லை என்று இப்போது கருதுகிறார்கள். கருக்குழாயின் நுனியில், முட்டையை வாங்கிக்கொள்ள விரல்கள்போல் விரிந்திருக்கும் குஞ்சத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து செல்கள் உதிர்கின்றன. அவை விழும் இடம் வயிற்றறை. தடுக்க அங்கே சுவர் ஏதும் இல்லை. மார்பகப் புற்றுநோய் வெகுதூரம் பரவ வேண்டுமென்றால் பெரும்பாலும் நிணநீர்க் குழாயையோ ரத்தக் குழாயையோ பிடித்து ஏற வேண்டும். இதற்கு அந்தச் சிரமம் இல்லை. நாம் மூச்சு விடும்போதும் குடல் அசையும்போதும் வயிற்றறையின் திரவம் சுற்றி வருகிறது, செல்களும் அதோடு சுற்றி வருகின்றன.

பிடி விட்ட செல்கள் செத்திருக்க வேண்டும். இவை சாவதில்லை. ஒன்றோடொன்று ஒட்டி உருண்டைகளாகிவிடுகின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராம்ரே பட்டின் ஆய்வுக்குழு நோயாளிகளின் வயிற்று நீரிலிருந்து எடுத்த இந்த உருண்டைகளை ஆராய்ந்து 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. முதலில் முசுக்கட்டைப் பழம்போல் மேடும் பள்ளமுமாக இருக்கும் உருண்டை, பிறகு மேற்பரப்பு வழவழப்பாகி உள்ளே ஒரு வெற்றிடம் கொண்டதாக மாறுகிறது. அப்படி மாறியதன் மேல் மேட்ரிக்ஸ் புரதங்களாலான ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அந்த உறையை நொதியால் கரைத்தால் உருண்டை பழைய கரடுமுரடு வடிவத்துக்கே திரும்பிவிடுகிறது. அதாவது பிடித்து நிற்கத் தளம் இல்லாதபோதும் அவை தமக்கென்று ஒரு தளத்தைத் தம்மேல் போர்த்திக்கொண்டு மிதக்கின்றன.

மிதக்கிற உருண்டை எங்காவது ஒதுங்க வேண்டும். வயிற்றறையின் உட்சுவர் முழுக்க, தரையில் ஓடு பதித்ததுபோல, ஒற்றை வரிசைச் செல்கள் பரவியிருக்கும். அவற்றின் வேலையே குடலும் மற்ற உறுப்புகளும் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகச் செய்வதுதான். ஓட்டுக்குக் கீழேதான் மேட்ரிக்ஸ் இருக்கிறது. புற்றுச் செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய சர்க்கரைப் புரதம் இந்த ஓட்டுச் செல்களின் மேலிருக்கும் மீசோதெலின் என்ற புரதத்தோடு முதல் பிடி போடுகிறது. ரத்தத்தில் சி.ஏ. 125 என்று நாம் அளப்பது அந்தச் சர்க்கரைப் புரதத்தைத்தான். நோயைக் காட்டிக்கொடுக்கிற எண்ணும் நோய் பற்றிக்கொள்கிற கையும் ஒன்றே என்பதை நான் புத்தகத்தில் பல முறை படித்தவள்தான். அம்மாவின் ரிப்போர்ட்டில் அந்த எண்ணைப் பார்த்த அன்றுதான் அது எனக்குள் இறங்கியது.

முதல் பிடிக்குப் பிறகு இன்டெக்ரின்கள் வருகின்றன. உருண்டை தன் கீழிருக்கும் ஃபைப்ரோநெக்டினைப் பிடித்து, தசை சுருங்குவதுபோல் உள்ளிழுக்கிறது. அந்த இழுவையில் ஓட்டுச் செல்கள் விலகி இடம் விடுகின்றன. 2011இல் ஹார்வர்டில் இதைக் காணொளியாகவே பதிவு செய்தார்கள். வட்டமாக ஓட்டை விழுவதை நுண்ணோக்கிக்குக் கீழே பார்க்கலாம். 2014இல் சிகாகோ ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள்: ஓட்டுச் செல்கள் வெறுமனே விலகுவதில்லை. புற்றுச் செல்கள் அனுப்பும் சமிக்ஞையால் அவையே கூடுதலாக ஃபைப்ரோநெக்டினைச் சுரந்து பிடிமானம் தருகின்றன. ஒட்டுகிற வேலையில் நோயுற்ற செல்லோடு நல்ல செல்லும் பங்கெடுக்கிறது.

அவை மிகவும் விரும்பி ஒதுங்கும் இடம் ஓமெண்டம். ஆட்டை உரித்து வயிற்றைத் திறந்தால் குடலுக்கு மேல் வலைபோல் விரிந்து வருமே, அந்தக் கொழுப்பு ஜவ்வு நமக்கும் உண்டு, குடலுக்கு முன்னால் ஏப்ரன் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். அதிலிருக்கும் கொழுப்புச் செல்கள் தம் கொழுப்பையே வந்தேறிகளுக்குத் தீனியாகக் கொடுக்கின்றன என்பதும் 2011இல் தெரியவந்ததுதான். அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை செய்தபோது அந்த ஜவ்வு ஒரு தடித்த பலகைபோல் இறுகிப்போயிருந்தது என்று சொன்னார்கள்.

*

மேட்ரிக்ஸ் என்ற சொல் லத்தீனில் தாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதன் பழைய பொருள் கர்ப்பப்பை. இது தெரிந்தபோது, ஒரு பெண்ணியவாதியாக எனக்கு நாக்கில் ஊறியது. எவ்வளவு வசதியான உருவகம்! சுற்றியிருப்பதைப் பிடித்துக்கொண்டு வாழ வளர்க்கப்பட்டவள், பிடியை விட்டால் செத்துப்போவாய் என்று சொல்லப்பட்டவள், எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்துப் பூட்டியவள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களில் படித்த ஒரு பெண் அப்படியே சொன்னார்: "ஒங்கம்மா எதையும் வெளிய சொல்லாத ஆளு. மனசுல அடக்கி வச்சதெல்லாம்தான் கட்டியா வந்திருக்கு." நானும் தலையாட்டினேன். அந்த இரவு நோட்டில் கவிதை மாதிரி நான்கு வரி எழுதியும் வைத்தேன்.

மறுநாள் அம்மா கேட்டார், "நான் என்ன பாப்பா அடக்கி வச்சேன்? ஒங்கப்பாவத்தான் நாளெல்லாம் திட்டிக்கிட்டு இருப்பேனே?"

நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். துக்கத்தை அடக்கியதால் புற்று வந்தது என்பது, பாவத்தால் வந்தது, செய்வினையால் வந்தது என்பதன் படித்த வடிவம்தான். மூன்றும் கடைசியில் நோயாளியின் மேல்தான் போய் விழுகின்றன. அம்மாவுக்கு நோய் வந்தது ஒரு மரபணுக் கோளாறால். அதைப் பிறகு சொல்கிறேன். அவர் மௌனமாகவும் இருக்கவில்லை. எட்டு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மேட்ரிக்ஸ் எனக்குச் சொல்லித்தந்த பாடம் வேறு. ஈரானில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த மினா பிஸ்ஸல் என்ற விஞ்ஞானி, 1982இலேயே, மேட்ரிக்ஸ் வெறும் முட்டுச்சுவர் இல்லை, செல்லின் உட்கரு வரை அது பேசுகிறது என்று எழுதினார். அப்போது அதைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 1997இல் அவருடைய குழு மார்பகப் புற்றுச் செல்களை மேட்ரிக்ஸுக்குள் வளர்த்து, ஒரு வகை இன்டெக்ரினை மட்டும் எதிர்ப்புரதத்தால் அடைத்தது. செல்லின் மரபணுக்களில் எந்த மாற்றமும் செய்யவில்லை. ஆனாலும் அவை தாறுமாறாக வளர்வதை விட்டு, சாதாரணச் செல்கள்போல ஒழுங்காக அணிவகுத்தன. செல்லை மட்டும் பார்க்காதே, அது எதைப் பிடித்திருக்கிறது என்று பார் என்பதுதான் பிஸ்ஸல் வாழ்நாள் முழுக்கச் சொன்னது.

அதை அப்படியே மருந்தாக்கிவிட முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபைப்ரோநெக்டினைப் பிடிக்கும் இன்டெக்ரினை அடைக்கும் ஒரு மருந்தைச் சினைப்பைப் புற்றுநோய் முற்றிய பெண்களிடம் சோதித்தார்கள். போதிய பலன் கிடைக்கவில்லை. ஒரு கையைக் கட்டினால் இன்னொரு கை பிடிக்கிறது. ஆய்வுக்கூடத் தட்டில் நடப்பது வேறு, பெண்ணின் வயிற்றில் நடப்பது வேறு.

*

சென்னைக்கு இரவு ரயிலில் போனோம். அடையாறு புற்றுநோய் நிலையத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அம்மா கேட்டார், "இது யாரு கட்டுன ஆஸ்பத்திரி?" "நம்ம ஊரு பொண்ணும்மா" என்றேன். அவர் நம்பவில்லை.

முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டுச் சேர்த்துக்கொண்டார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றார். சட்டமன்றத்துக்குப் போனார், தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடினார். பள்ளிப் பாடத்தில் இதெல்லாம் உண்டு. அவருடைய தங்கை சுந்தராம்பாள் பாடத்தில் இல்லை. சுந்தராம்பாளின் வயிற்று உபாதையை முதலில் வயிற்றுக்கடுப்பு என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். அது மலக்குடல் புற்றுநோய் என்று தெரிவதற்குள் காலம் கடந்துவிட்டது. இளம் வயதிலேயே இறந்துபோனார். வீட்டில் ஒரு டாக்டர் இருந்தார், அவர் அக்காவாகவும் இருந்தார், அப்படியும் இது நடந்தது.

முத்துலட்சுமி அந்தச் சாவை விடவில்லை. 1925இல் இங்கிலாந்து போனபோது புற்றுநோய் மருத்துவத்தைக் கற்றுவந்தார். சென்னையில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறில் நிலையம் திறந்தது. மறு வருடம் சேர்ந்த இளம் டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

இதைச் சொல்லி முடித்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டாக்டரு தங்கச்சிக்கே கடுப்புன்னுதான் சொன்னாங்களா?" என்றார். என்னைக் குத்திக்காட்டச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. அந்தக் கேள்வியோடு எனக்கு அழுகை வந்துவிட்டது. "விடு பாப்பா, நீ என்ன வயித்துக்குள்ள பூந்தா பாப்ப" என்றார்.

உண்மையில், நான் முதல் போனிலேயே அவரை அழைத்துப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? நேர்மையான பதில் எளிதானதில்லை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து நடத்திய ஆய்வில், பாதிப் பேரை ரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் வருடக்கணக்கில் கண்காணித்தார்கள். 2021இல் வந்த முடிவு: அதனால் இந்தப் புற்றுநோயின் சாவு குறையவில்லை. நோய்க்குறி தெரியும்போது அந்த உருண்டைகள் பெரும்பாலும் ஏற்கனவே மிதந்து போய் ஒட்டியிருக்கும். ஆகவே, சீக்கிரம் பார்த்தால் சரியாகிவிடும் என்ற பொய்யை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு மாதம் முன்னால் போயிருந்தால், பலகையாக இறுகிய ஜவ்வோடு மேஜையில் ஏறியிருக்க மாட்டார், இன்னும் கொஞ்சம் தெம்பான உடம்போடு கீமோவைத் தாங்கியிருப்பார், நான்கு லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு மூன்று மணிக்குப் பூப் பறித்திருக்க மாட்டார். சொன்னபோது யாரோ நம்பினார்கள் என்பதாவது அவருக்குக் கிடைத்திருக்கும். நம்பிக் கேட்பதைக் குணமாகாத நோய்க்கும் செய்யலாம்.

*

மூன்று கீமோ, அறுவைச் சிகிச்சை, மறுபடி மூன்று கீமோ. முடி கொட்டி முளைத்தது. ஒரு பொங்கலுக்குச் சொந்தக் காலில் நின்று பானை வைத்தார். இரண்டாவது வருடம் எண் மறுபடி ஏறியது. ஒட்டியிருந்ததில் ஏதோ ஒன்று, எந்தக் கத்திக்கும் மருந்துக்கும் எட்டாமல் எங்கோ பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. 2022 ஆடியில் அம்மா போய்ச் சேர்ந்தார்.

அதற்கு முன்பே அவருடைய ரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தோம். பி.ஆர்.சி.ஏ. 1 என்ற மரபணுவில் பிழை. இந்தப் பிழை அம்மா வழியில் மட்டும் வருவதில்லை, அப்பா வழியிலும் வரலாம். எனக்கும் தங்கச்சிக்கும் அது வந்திருக்கும் வாய்ப்பு ஆளுக்குச் சரிபாதி. நான் பரிசோதனை செய்துகொண்டேன். எனக்கு இருக்கிறது. 2021இல், நாற்பத்திரண்டு வயதில், கருக்குழாய்களையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டேன். "நல்லா இருக்கறத எதுக்குடி எடுக்கற?" என்று கேட்டவர்களில் பலர், இருபது வருடம் முன்பு அம்மாவின் கர்ப்பப்பையை எடுத்தபோது ஒன்றும் கேட்காதவர்கள். அம்மாவுக்கு நடந்ததும் எனக்கு நடந்ததும் ஒரே மாதிரித் தெரியலாம். என்ன எடுக்கிறார்கள், எதை விடுகிறார்கள், எடுத்தால் எலும்புக்கும் தூக்கத்துக்கும் உடலுறவுக்கும் என்ன ஆகும் என்று மூன்று முறை போய்க் கேட்டேன். கையெழுத்தை நானே போட்டேன். வித்தியாசம் அங்கேதான்.

தங்கச்சி பரிசோதனைக்கு மாட்டேன் என்கிறாள். அவளுக்கு ஒரு மகள், கல்லூரி முடிக்கப்போகிறாள். "நீ தனியாளுக்கா. எனக்கு இது வெளிய தெரிஞ்சா எம்பொண்ண எவன் கட்டுவான்?" இந்தக் கட்டுரையை எழுதாதே என்றும் சொன்னாள். ஊர்ப் பேரைப் போடவில்லை, அவள் பேரையும் போடவில்லை. அதற்கு மேல் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அவள் பயம் பொய்யில்லை. இந்த ஊரில் நல்லது கெட்டது எல்லாம் பெண்ணின் ஜாதகத்தோடு ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்று மறைப்பது, அந்தப் பெண்ணுக்கே தெரியாமல் போவதில் போய் முடியும். அம்மாவுக்குத் தன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்தது. என் தங்கச்சி மகளுக்கும் அப்படி இருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். முடிவெடுக்க வேண்டியவள் அவள், நானில்லை. அவளுக்கு இந்தப் புத்தகம் கிடைக்கும்.

இப்போதும் அதே பாடத்தை நடத்துகிறேன். இன்டெக்ரின் படம் போட்டு முடித்ததும் சுண்ணாம்புக்கட்டியை வைத்துவிட்டு நான்கு விஷயத்தை எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். வயிறு உப்பிக்கொண்டே இருப்பது. கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது. அடிவயிற்றில் வலி அல்லது கனம். அடிக்கடி, அவசரமாகச் சிறுநீர் வருவது. எல்லாருக்கும் எப்போதாவது வருவதுதான். புதிதாகத் தொடங்கி, மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் இருந்தால் பெண்கள் மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பப்பை எடுத்தவர்களும் போக வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அப்போதும் கேஸ் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினால், ஸ்கேன் எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும்.

போன பருவத்தில் வகுப்பு முடிந்ததும் கந்தர்வகோட்டைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி தயங்கி நின்றாள். "மேம், எங்கம்மாவும் ரெண்டு மாசமா வயிறு ஒரு மாதிரி இருக்குங்குது. நான் இஞ்சி தட்டிப் போட்டுக் குடின்னேன்."

"அம்மாகிட்ட இன்னொரு தடவை கேளு" என்றேன். "என்ன மாதிரி இருக்குன்னு கேளு. பாவாடை நாடா எங்க முடிச்சு விழுதுன்னு பாரு."

அவள் சிரிக்காமல் நோட்டைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டாள்.